வந்த ரத்தம் திரும்பாது என்னும் வார்டு வழக்கம் குறித்து

அனுப்புநர்:
வயிற்று அறுவை வார்டு, ஜன்னலோரக் கட்டில் நோயாளியின் அக்கா,
தரப் பரிசோதகர், பால் குளிரூட்டு நிலையம்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்கு உள்ளாகும் நோயாளிகளுக்கு, தேவை பார்க்காமல், வார்டுக்கு வந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் ரத்தம் ஏற்றப்படுவது, நாளை காலை அறுவைக்குச் செல்லும் என் தங்கைக்கு அவ்வாறு நேராமல் தடுக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: இதே வார்டில் என் அண்ணன் இருந்தபோது நான் வாய்மொழியாகக் கேட்ட கேள்விகள். எழுத்தில் பதில் ஏதும் பெறப்படவில்லை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நாளை செவ்வாய்க்கிழமை காலை என் தங்கையின் இரைப்பையில் பெரும்பகுதியை அகற்றும் அறுவை நடக்கவிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நோய்க்கு, இதே வார்டில், என் அண்ணனுக்கும் இதே அறுவையைச் செய்தார்கள். அண்ணன் இப்போது இல்லை. இந்த மனு அவருக்காக அல்ல; அவருக்காக மனு எழுதும் காலம் போய்விட்டது. தங்கைக்காக எழுதுகிறேன். அவளுக்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது.

2. அறுவை மருத்துவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்ய விரும்புகிறேன். அவர் கைதேர்ந்தவர். அண்ணன் விஷயத்திலும் அவர் கைவேலையில் பிசகு நடக்கவில்லை. செவிலியர்களும் ஓய்வில்லாமல் உழைப்பவர்கள். எந்தத் தனிமனிதரையும் தண்டிக்குமாறு நான் கேட்கவில்லை. ஒரு வழக்கத்தைப் பற்றி முறையிடுகிறேன். வழக்கத்துக்கு முகம் இல்லாததால் அதன்மீது புகார் எழுதுவது கடினமாக இருக்கிறது. இயன்றவரை தெளிவாக எழுத முயல்கிறேன்.

3. வார்டு இரண்டாம் தளத்தில் இருக்கிறது. ரத்த வங்கி முற்றத்துக்கு அப்பால், பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. லிஃப்ட் ஓடும் நாள்களைவிட நிற்கும் நாள்களே அதிகம். ரத்தம் எடுத்துவரும் அட்டெண்டரை வார்டில் அனைவரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். முழங்கால் வலியோடு அவர் நடக்கும் வேகத்தைப் பார்த்து வைத்த பெயர். அவரும் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார். ஒவ்வொரு பைக்கும் ஒரு நடை ஏறி இறங்க அவரால் முடியாது. ஆகவே அன்றைய நோயாளிகள் பெயரில் ஒதுக்கியிருக்கும் பைகள் அத்தனையையும் காலையில் ஒரே நடையில், ஒரு நீலப் பெட்டியில் கொண்டுவந்துவிடுகிறார். பெட்டி, பெரிய சிஸ்டர் என்று அழைக்கப்படும் தலைமைச் செவிலியரின் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலின்மேல் உட்கார்ந்திருக்கும்.

குளிரை விட்டு வெளியே வந்து சிறிது நேரம் கழிந்த ரத்தத்தை ரத்த வங்கி திருப்பி வாங்காது. அந்த விதி மிகச் சரியானது. ஆனால் அந்த விதியும், எக்ஸ்பிரஸின் ஒற்றை நடையும் சேர்ந்து வார்டில் ஒரு பழமொழியைப் பெற்றெடுத்திருக்கின்றன. ‘வந்த ரத்தம் திரும்பாது’ என்பார்கள். புதிதாக வரும் நோயாளியின் உறவினர்கூட இரண்டாம் நாள் அதைச் சொல்லக் கற்றுக்கொள்கிறார். அதன் பொருள், யார் பெயரில் வந்ததோ அவருக்கு அது ஏறியே தீரும் என்பது. அவருக்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி அந்தப் பழமொழிக்குள் இல்லை.

4. என் அண்ணன் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை இயக்கியவர். நூலிழை பிசகினாலும் ஒரு கட்டே பாழ் என்று சொல்லி, எங்கள் வீட்டில் ரொட்டியைக்கூட ஒரே அளவாக வெட்டுவார். அறுவை முடிந்து வந்த மருத்துவர், வராந்தாவில் என்னிடம், “நல்லா முடிஞ்சுதும்மா. ரத்தமே பெருசா போகல” என்றார். மறுநாள் காலை அண்ணனின் ஹீமோகுளோபின் பத்துக்குமேல் இருந்தது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சீராக இருந்தன. இருந்தும் முதல் பை தொங்கவிடப்பட்டது.

இரண்டாவது பை இறங்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் முகத்தில் நிறம் வந்தது. எங்கள் சித்தப்பா கட்டிலருகே குனிந்து பார்த்துவிட்டு, “பாத்தியா, மூஞ்சில களை வந்துடுச்சு. நம்ம குடும்ப ரத்தம்னா சும்மாவா” என்றார். அண்ணன், “உங்க கடன்காரப் புத்தி மட்டும் சேர்ந்து வராம இருந்தா சரி” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வார்டில் நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

மூன்றாவது பை பாதி இறங்கியபோது நான் வராந்தாவில் இருந்தேன். உள்ளிருந்து ஏதோ தட்டும் ஓசை கேட்டது. யாரோ சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். நிற்காமல் கேட்டதால் எட்டிப் பார்த்தேன். அண்ணன் நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய நடுக்கத்தில் கட்டிலின் இரும்புச் சட்டம் சுவரை இடித்துக்கொண்டிருந்தது. பையை உடனே நிறுத்தினார்கள். ஊசி போட்டார்கள். மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது. “சில பேருக்கு இப்படி வரும், பயப்படாதீங்க” என்றார்கள்.

அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தையல் சீழ் பிடித்தது. நுரையீரலில் சளி கட்டியது. வீடு திரும்புவது தள்ளிப்போனது. உடல் தேறாததால், அறுவைக்குப் பின் தொடங்க வேண்டிய புற்றுநோய் மருந்து இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டது. ஓர் ஆண்டுக்குள் நோய் வயிற்றுக்குள் மீண்டும் பரவியிருந்தது. கடைசி மாதத்தில் ரொட்டி வெட்டும் கத்தியை என்னிடம் நீட்டி, “இனிமே நீ வெட்டு. கோணலா இருந்தாலும் யாரும் திட்ட மாட்டாங்க” என்றார்.

5. நடுக்கம் வந்த மறுநாள், பார்வையிட வந்த அறுவை மருத்துவர் படுக்கையருகே நின்று, “யார் ஏத்தச் சொன்னது?” என்று கேட்டார். டூட்டி டாக்டர் பெரிய சிஸ்டரைப் பார்த்தார். பெரிய சிஸ்டர், “தியேட்டர்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன் சார்” என்றார். தியேட்டரிலிருந்து வந்திருந்த மயக்க மருத்துவர், வார்டில் முடிவு செய்திருப்பார்கள் என்று தாம் எண்ணியதாகக் கூறினார். அதற்குள் அறுவை மருத்துவருக்கு அடுத்த அழைப்பு வந்தது. அவர் போய்விட்டார். கேள்வி அந்தக் கட்டிலருகிலேயே நின்றுவிட்டது.

ஐயா, அன்று யாரும் பொய் சொல்லவில்லை என்றே நான் நம்புகிறேன். அதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. ஒருவர் தவறாக முடிவெடுத்திருந்தால், அவரிடம் போய் ஏன் என்று கேட்டிருக்கலாம். இங்கே யாருமே முடிவெடுக்கவில்லை. யாரும் சொல்லாமலே, இரண்டரைப் பை ரத்தம் தானாக மாடியேறி வந்து ஒரு மனிதருக்குள் இறங்கியிருக்கிறது.

6. நான் மருத்துவம் படித்தவள் அல்ல, வேதியியல் பட்டதாரி. அண்ணன் போனபிறகு இதுகுறித்துக் கிடைத்தவற்றை எல்லாம் படித்தேன். இரைப்பைப் புற்றுநோய் அறுவையை ஒட்டி ரத்தம் ஏற்றப்பட்டவர்களையும் ஏற்றப்படாதவர்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஏற்றப்பட்டவர்களிடம் தொற்றுகளும் பின்சிக்கல்களும் கூடுதலாகவும், அவர்கள் வாழ்ந்த காலம் குறைவாகவும் இருந்ததாக அவற்றில் பல கூறுகின்றன. பிறர் ரத்தம் உள்ளே வரும்போது உடலின் எதிர்ப்புச் சக்தி சற்று அடங்கிப்போகிறது, எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் அந்த இடைவெளியில் தலைதூக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

மறுபக்கத்தையும் நான் மறைக்கக் கூடாது. முற்றிய நோயுள்ளவர்களுக்கும், அறுவையில் அதிகம் ரத்தம் இழந்தவர்களுக்கும்தான் பெரும்பாலும் ரத்தம் ஏற்றப்படுகிறது. அவர்கள் முன்பே நலிந்தவர்கள். ஆகவே குற்றம் ரத்தத்தினுடையதா, நோயினுடையதா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை என்று அதே ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். என் அண்ணனை எது கொண்டுபோனது என்று எனக்கும் தெரியாது. மூன்று பைகளையும் அவருடைய முடிவையும் முடிச்சுப்போட எனக்குத் தகுதியில்லை. பைகள் ஏறாமல் இருந்தாலும் அவர் போயிருக்கலாம். ஆனால் தேவையில்லாத ஒன்றால் தீங்கு வரலாம் என்ற ஐயம் இருக்கும்போது, அதைக் கொடுக்காமல் இருப்பதற்கு உறுதியான சான்று எதற்கு என்று மட்டும் கேட்கிறேன்.

ரத்தமே கூடாது என்பது என் வாதமன்று. பெருக்கெடுத்துப் போகும்போது ரத்தம்தான் உயிர். அப்படி நேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும் என்று என் கைப்படவே எழுதித் தருகிறேன்.

7. எங்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த மனு நேர்மையாக இராது. இந்த வழக்கம் நிற்கும் கால்களில் பாதி உறவினர்களுடையது. அறுவைக்குத் தேதி கிடைத்ததும் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவதைக் குடும்பங்கள் ஒரு கௌரவமாக எண்ணுகின்றன. யார் கொடுத்தார், யார் நழுவினார் என்பது பிற்பாடு பல ஆண்டுகளுக்குப் பேச்சாக இருக்கும். கொடுத்தவர், தம் ரத்தமே நேராக நோயாளியின் உடம்புக்குப் போகிறது என்று நம்புகிறார். அது பொதுச் சேமிப்புக்குப் போகிறது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. எங்கள் சித்தப்பா, அண்ணனுக்கு முதல் பை தொங்கவிடப்படும் முன், வார்டில் நின்று, “நாங்க குடுத்த ரத்தத்தை ஏத்தாம வச்சிருக்கீங்களே, யாருக்கு விக்கப் போறீங்க?” என்று சத்தம் போட்டார். இப்படிப்பட்ட சொல்லுக்கு அஞ்சித்தான் வார்டு பையைத் தொங்கவிடுகிறது. கேட்டவர்கள் நாங்கள். ஏற்றியவர்கள் வார்டுக்காரர்கள். வாங்கிக்கொண்டவரை யாரும் கேட்கவில்லை.

8. இப்போது தங்கையின் நிலை. அவள் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் சட்டத்துக்கு வில்லை பொருத்துகிறவள். நோய் கண்டபோது அவளுடைய ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே இருந்தது. அறுவைக்குத் தேதி வருவதற்காகப் பல வாரம் காத்திருந்தோம். அந்த வாரங்களில், “நல்லா சாப்பிட்டுத் தெம்பா வாங்க” என்பதற்குமேல் ரத்தசோகைக்கு எந்தச் சிகிச்சையும் சொல்லப்படவில்லை. நானே கேட்டுக் கேட்டு, வெளிநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் மூலம் அவளுக்கு இரும்புச்சத்து சிரை வழியாக ஏற்றப்பட்டது. இன்று காலை பார்த்ததில் பத்தைத் தாண்டியிருக்கிறது. உடல் நிலையாக உள்ள ஒருவருக்கு ஏழு, இதய நோய் உள்ளவருக்கு எட்டு என்ற அளவுக்குக் கீழே இறங்கினால்தான் ரத்தம் பற்றி யோசிப்பது இன்று பரவலான நடைமுறை என்று படித்தேன். என் தங்கைக்கு இதய நோய் இல்லை.

இருந்தும் இன்று காலை, அவள் கட்டிலருகே ரத்தம் ஏற்றும் இரும்புக் கம்பத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அறுவை இன்னும் நடக்கவில்லை. கொக்கி காலியாகத் தொங்குகிறது. நோயாளிக்கு முன்னால் கம்பம் தயாராகிவிட்டது. தங்கை அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, சித்தப்பா ரத்தம் ஏத்துனா எனக்கும் குறட்டை வந்துடுமா?” என்று கேட்டாள். அவள் படுத்திருப்பது அண்ணன் படுத்திருந்த அதே ஜன்னலோரக் கட்டில். அது வேண்டுமென்று யாரும் செய்ததல்ல. காலியாக இருந்தது அதுதான். அன்று கட்டில் சட்டம் இடித்த இடத்தில் சுவரின் பூச்சு உதிர்ந்த தழும்பு அப்படியே இருக்கிறது. அவள் அதில் தன் துண்டை மாட்டப் பார்த்து, “இங்க யாரோ ஆணி அடிச்சுப் பாத்திருக்காங்க போல” என்றாள். நான் ஆம் என்றேன்.

9. இன்று டூட்டி டாக்டரிடம் பேசினேன். “பத்துக்கு மேல இருக்கு, நல்ல விஷயம்தான். இருந்தாலும் ஒரு சேஃப்டிக்கு ஏத்திடுவோம்” என்றார். எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

தங்கையின் கணவரிடமும் பேசினேன். அவர் நல்லவர். மனைவியைக் காப்பாற்ற ஊரையே திரட்டிவிட்டார். “அண்ணி, அத்தன பேரு வரிசையில நின்னு குடுத்துட்டுப் போயிருக்காங்க. நீங்க வேணாங்கறீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார். நான் படித்த ஆய்வுகளை அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

பிறகு பெரிய சிஸ்டரிடம் போனேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, தணிந்த குரலில் சொன்னதை அப்படியே தருகிறேன்: “நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்கணும். திருப்பி அனுப்புனா ரத்த வங்கியில என்னக் கேப்பாங்க. ஏத்தாம விட்டா உங்க ஆளுங்க என்னக் கேப்பாங்க. ஏத்திட்டா யாரும் கேக்க மாட்டாங்க.”

ஐயா, இதைவிட உண்மையான பதிலை இந்த மருத்துவமனையில் எனக்கு யாரும் தந்ததில்லை. அவர்மீது இதற்காக எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்றிவிட்டால் யாரும் கேட்பதில்லை என்றார். நான் கேட்கிறேன். இந்த மனு அதற்காகத்தான்.

10. நான் வேலை பார்க்கும் இடத்திலும் குளிர்தான் எல்லாம். குளிர் அறையை விட்டு வெளியே வந்த பாலைத் திருப்பி உள்ளே வைக்க நான் அனுமதிப்பதில்லை. அதனால்தான் தேவைக்குமேல் ஒரு கூடையைக்கூட வெளியே எடுக்க விடுவதில்லை. வெளியே வந்துவிட்டதே என்பதற்காக யாரையும் குடிக்க வைப்பதும் இல்லை. பாலுக்கு நாங்கள் காட்டும் இந்தச் சிறு நிதானத்தை ரத்தத்துக்கும் காட்ட முடியும் என்று நினைக்கிறேன்.

11. ஆகவே தாங்கள் இன்றே கீழ்க்கண்டவாறு உத்தரவிட வேண்டுகிறேன்.

என் தங்கைக்கென ஒதுக்கிய ரத்தம், உடனே தரத்தக்க நிலையில் ரத்த வங்கியிலேயே இருக்கட்டும். வார்டுக்கு வர வேண்டாம். அறுவையிலோ பின்னரோ தேவை நேர்ந்தால், ஒரு மருத்துவர் தம் பெயரிட்டுச் சொன்னபின் எடுத்துவரட்டும். பெருக்கு இல்லாதபோது ஒவ்வொரு பையாக, ஒன்று முடிந்தபின் பரிசோதித்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யட்டும். எடுத்துவர இன்னொரு அட்டெண்டரை நியமிப்பதோ, லிஃப்டைச் சீராக்குவதோ தங்கள் கையில் இருக்கிறது.

இது தங்கைக்கு. மற்றவர்களுக்கு: இரைப்பை அறுவைக்குத் தேதி தரும் அன்றே ரத்தசோகையைப் பார்த்துச் சிகிச்சை தொடங்க வேண்டும். ரத்தம் கொடுக்க வருவோரிடம், அது பொதுவில் சேரும், உங்கள் ஆளுக்குத் தேவைப்பட்டால் மட்டுமே ஏற்றுவோம், ஏறாமல் இருந்தால் அது நல்ல செய்தி என்று ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். எங்கள் சித்தப்பாவுக்கு அதை அன்று யாராவது சொல்லியிருந்தால், அவர் சத்தம் போட்டிருக்க மாட்டார். இப்போது அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

12. கடைசியாக ஒன்று. ஒரே வீட்டில் இருவருக்கு இந்த நோய் வந்ததால், உடன்பிறந்த என்னையும் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்க அடுத்த மாதம் எனக்குத் தேதி தந்திருக்கிறார்கள். முடிவு எதுவாகவும் இருக்கலாம். சுயநலம் கலந்த மனு என்று தாங்கள் கருதினால் மறுக்க மாட்டேன். அந்த ஜன்னலோரக் கட்டில் எங்கள் வீட்டைப் பழகிவிட்டது.

நாளைக் காலை விடியும் முன் தங்கள் உத்தரவு வார்டை எட்டும் என்ற எதிர்பார்ப்போடு முடிக்கிறேன்.

இடம்: வயிற்று அறுவை வார்டின் வராந்தா, இரண்டாம் தளம்
நாள்: திங்கட்கிழமை, பிற்பகல்

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஜன்னலோரக் கட்டில் நோயாளியின் அக்கா

பின்குறிப்பு: இந்த மனுவை மடித்து உறையில் இடும் நேரத்தில் எக்ஸ்பிரஸ் மாடிப்படியில் ஏறி வந்தார். கையில் நீலப் பெட்டி இருந்தது. ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, மூச்சு வாங்க, என்னைப் பார்த்துச் சிரித்தார். “நாளைக்கு லிஃப்டைக் கழட்டுறாங்களாம்மா, படியெல்லாம் சாமானா கெடக்கும். காலையில லேட்டாயிடுமேன்னு உங்க தங்கச்சியோடத இன்னிக்கே கொண்டு வந்துட்டேன். உங்களுக்கு ஒரு கவலை விட்டுச்சு” என்றார். பெட்டியை உள்ளே கொண்டுபோய், வார்டு ஊழியர்கள் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கும் குளிர்ப்பெட்டியில் பைகளை அடுக்கினார். கதவு சரியாக மூடாததால் முழங்காலால் அழுத்தி மூடினார். வலித்திருக்கும்.

தங்கை தூங்குகிறாள். கம்பம் பக்கத்தில் நிற்கிறது. இந்த மனுவைத் தபால் பெட்டியில் போடவில்லை. என் கையிலேயே எடுத்துக்கொண்டு தங்கள் அறைக்குப் படியிறங்கி வருகிறேன். தாங்கள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தால், தயவுசெய்து திரும்பி வாருங்கள்.